எறும்பின் புளிப்பும் கோழியின் எடையும்

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கோழிப் பண்ணை. செட்டுக்கு வெளியே, மேடை மேல் ஆயிரம் லிட்டர் தொட்டி. பண்ணைக்காரர் மூடியைத் திறந்து, கேனிலிருந்து அரை லிட்டர் அளந்து ஊற்றினார். விழுந்த இடத்தில் சோடா உடைத்தாற்போல நுரை பொங்கியது. கட்டெறும்பை நசுக்கினால் விரலில் ஏறுமே ஒரு நெடி, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். "பாருங்க, ஊத்துனதும் எப்படி வேலை செய்யுதுன்னு" என்றார்.

அந்த நுரை கரியமில வாயு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அமிலத்தைத் தின்றுவிட்டு விடும் ஏப்பம். கோழியின் வாய்க்குப் போகும் முன்பே, தொட்டிக்குள்ளேயே சரக்கு செலவாகிக்கொண்டிருந்தது. அவர் வெற்றி என்று காட்டியது உண்மையில் செலவுக் கணக்கு. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கையில் பிஎச் தாள் இல்லாமல் வாதம் செய்வது அழகல்ல.

கோழித் தீவனத் துறையில் கரிம அமிலம் என்று சொல்லப்படுபவை நமக்குப் புதியவை அல்ல. ஃபார்மிக் அமிலம் எறும்பினுடையது. அதன் பெயரே எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அசிட்டிக் என்றால் வினிகர், லாக்டிக் என்றால் தயிர், சிட்ரிக் என்றால் எலுமிச்சை. பியூட்டிரிக் அமிலத்தின் வாடை, கெட்டுப்போன வெண்ணெயின் வாடை. புரோப்பியானிக் அமிலம் ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது. இவற்றைத் தனியாகவோ கலந்தோ, நீராகவோ உப்பாகவோ, கொழுப்புப் பூச்சு போட்ட பொடியாகவோ விற்கிறார்கள். விளம்பரத் துண்டறிக்கைகளில் வரிசையாக வருபவை இவை: எடை கூடும், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை ஏறத் தின்னும் தீவனத்தின் அளவு) குறையும், சால்மொனெல்லா சாகும், எச்சம் இறுகி லிட்டர் (செட்டின் தரையில் பரப்பும் படுக்கை) காய்ந்திருக்கும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஒரே மூச்சில் சொன்னாலும் இவை ஐந்து வெவ்வேறு கூற்றுகள். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றின் பற்றுவரவில் ஏற்றிவிடுவதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். பிரித்து நிறுத்தினால்தான் நிறுவையே சாத்தியம்.

இந்தக் கேனுக்குப் பண்ணையில் இடம் கிடைத்த கதை ஆன்டிபயாடிக்கின் கதை. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் இருவரும் ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை வேகமாக வளர்ந்தன. அன்று தொடங்கியது, நோயே இல்லாத கோழிக்கும் சிறிதளவு மருந்தைத் தீவனத்தில் போடும் பழக்கம். ஸ்வீடன் 1986-ல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகக் குறைத்து, 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளை முற்றாக விலக்கியது. இங்கே அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி வட்டாரத்தில் எடுத்த 70 கோழி இறைச்சி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசிக் கைமருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-ல்தான் தடை போட்டது. காலியான நாற்காலிக்குப் போட்டி போட்டவர்களில் அமிலம் முன்வரிசை.

நாற்காலிக்கு அது பொருத்தமா என்று பார்க்க, முதலில் அது கிருமியை எப்படிக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும். அமில மூலக்கூறு உடையாமல் முழுதாக இருந்தால்தான் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைத் தாண்டும். உள்ளே பிஎச் ஏறக்குறைய 7. அங்கே போனதும் உடைந்து புரோட்டானை விடுகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவன்போலக் கிருமி அதை வெளியே தள்ளியே தன் சக்தியைத் தீர்த்துக்கொள்கிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் உள்ளே புளிப்பேறினாலும் சமாளித்துக்கொள்ளும், சால்மொனெல்லாவுக்கு அது சிரமம். ஆக, நல்லதை விட்டுக் கெட்டதைத் தாக்கும் என்று விற்பனையாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் "முழுதாக இருந்தால்" என்ற நிபந்தனையில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. ஃபார்மிக் அமிலம் பிஎச் 4-ல் நூற்றுக்கு 36 பங்கு முழுதாக இருக்கும். பிஎச் 5-ல் 5 பங்கு. பிஎச் 6.5-ல் ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. புரோப்பியானிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்: 5-ல் 43 பங்கு, 7-ல் ஒரு பங்குக்கும் கீழே. இது யாருடைய அபிப்பிராயமும் அல்ல. கல்லூரி முதலாண்டு வேதியியல் கணக்கு. இப்போது கோழியைத் திறந்து பாருங்கள். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் பிஎச் 5 முதல் 6. அரைவைப்பையில் 2 முதல் 4. சிறுகுடலுக்குள் நுழைந்ததும் 6-ஐத் தாண்டி, முடிவில் 7-ஐ நெருங்குகிறது. அதாவது தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் அமிலத்துக்குக் கத்தி இருக்கிறது. குடலில் இறங்கியதும் வெறும் உறைதான். தவிரவும், பூச்சு இல்லாத ஃபார்மிக்கும் புரோப்பியானிக்கும் பெரும்பகுதி மேல்பாதையிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. சால்மொனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் வசதியாகக் குடியிருக்கும் குருட்டுக்குடல்கள் வரை போய்ச் சேர்வது சொற்பம். "குடலில் உள்ள சால்மொனெல்லாவைக் கொல்லும்" என்று பூச்சில்லாத அமிலத்தின் கேனில் எழுதியிருந்தால், அந்த வரியை நான் ஏற்கமாட்டேன்.

"செரிமானத்துக்கு வயிற்றைப் புளிக்கவைக்கும்" என்ற வாதம் பன்றியிடமிருந்து வந்த கடன். தாய்ப்பாலை மறந்த பன்றிக்குட்டிக்கு வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதாது. அங்கே வெளியிலிருந்து அமிலம் கொடுப்பதற்கு நியாயம் உண்டு. கோழிக்கு அரைவைப்பைக்கு முன்னால் உள்ள சுரப்பி வயிறே போதுமான அளவு அமிலம் சுரக்கிறது. அதற்கு மேல், தீவனத்தில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லும் சோயாப் புண்ணாக்கும் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள்கள். டன்னுக்கு இரண்டு கிலோ அமிலம் போட்டு அத்தனையையும் புளிக்கவைத்துவிடலாம் என்பது, மோர் நீர்த்துவிட்டது என்று குளத்தில் தயிர் ஊற்றுவதுபோல.

இத்தனைக்குப் பிறகும் அமிலம் கொடுத்த கோழி கூடுதலாக வளர்ந்தது என்று காட்டும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். விளக்கம் சரியில்லை என்பதற்காக விளைவை மறுக்கக் கூடாது. ஆனால் ஆய்வுகளை எப்படிப் படிப்பது என்பதில் எனக்கு மூன்று சந்தேகங்கள் உண்டு.

பல ஆய்வுகளில் ஒப்பிடுவதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்த கூட்டம் ஒன்று, அமிலம் கொடுத்த கூட்டம் ஒன்று. முடிவில் "இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை" என்பார்கள். எனவே அமிலம் ஆன்டிபயாடிக்குக்கு ஈடு என்று துண்டறிக்கை அச்சாகும். எதுவுமே கொடுக்காத கூட்டம் என்ன ஆனது? அதுவும் அதே எடையில் நின்றிருந்தால், மூன்றும் ஈடு. இரண்டு செலவும் வீண். வேறுபாடு கண்ணில் படவில்லை என்பதும் வேறுபாடே இல்லை என்பதும் ஒன்றல்ல. சிறிய கூண்டுகளில், கூட்டத்துக்கு ஏழெட்டுக் கூண்டு வைத்து நடத்தும் சோதனையில் பல உண்மையான வேறுபாடுகள் கண்ணில் படாமலே போகும்.

அடுத்தது அளவு. நல்லபடி வேலை செய்தால் எஃப்சிஆர் 1.60-லிருந்து 1.57-க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். பண்ணைக்குப் பண்ணை, பேட்சுக்குப் பேட்ச் எஃப்சிஆரின் நிலைவிலக்கம் 0.06 என்றும் வைப்போம். குஞ்சின் தரம், வெயில், காவலாள் அசதி எல்லாம் சேர்ந்தால் இதற்குக் குறையாது. இந்த 0.03 வேறுபாட்டை நம்பகமாகப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் அறுபதுக்கு மேல் செட் வேண்டும். "போன பேட்சுல போட்டேன், நல்லா வந்துச்சுங்க" என்ற வாக்குமூலத்துக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. போன பேட்ச் மார்கழியில் இறக்கியது, ஒப்பிடுவதோ சித்திரையில் இறக்கியதோடு.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொய் என்று தள்ள முடியாத ஆய்வுகளை வரிசையாக வைத்தால் ஒன்று தெரிகிறது: சுத்தமான கூண்டில், நல்ல தீவனத்தில் அமிலம் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை, கிருமியை வேண்டுமென்றே புகட்டிய கோழியில், பழைய லிட்டரில், மட்டமான தீவனத்தில் பலன் தெரிகிறது. ஆன்டிபயாடிக்கின் கதையும் இதுதான். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளுக்குப் பென்சிலின் கொடுத்தால் வளர்ச்சி கூடுவதில்லை என்று கோட்ஸ் குழுவினர் 1960களிலேயே இங்கிலாந்தில் காட்டிவிட்டார்கள். வளர்ச்சி ஊக்கி என்ற பெயரே ஏமாற்று. குறையைக் கொஞ்சம் அடைக்கும் பொருள், அவ்வளவுதான். குறை இல்லாத இடத்தில் அடைக்க என்ன இருக்கிறது?

ஆன்டிபயாடிக்கை எடுத்ததும் நட்டம் எவ்வளவு என்பதை அதிகம் பேர் விசாரிப்பதில்லை. டென்மார்க்கில் கறிக்கோழித் துறை 1998-ல் தானாகவே நிறுத்தியது. நிறுத்தும் முன்னும் பின்னுமாக 1995 முதல் 1999 வரை ஆயிரக்கணக்கான கூட்டங்களின் பதிவுகளை எம்போர்க் குழுவினர் ஆராய்ந்தார்கள். சாவு விகிதம் ஏறவில்லை. சதுர மீட்டருக்குக் கிடைத்த எடை குறையவில்லை. எஃப்சிஆர் 0.016 ஏறியது, அவ்வளவே. அமெரிக்காவில் பெர்டூ நிறுவனத்தின் ஏறக்குறைய 70 லட்சம் கோழிகளின் கணக்கை 2007-ல் ஒரு குழு அலசியபோது, வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கால் கிடைத்த லாபத்தைவிட மருந்தின் செலவே கொஞ்சம் கூடுதல் என்று முடிந்தது. இப்போது யோசியுங்கள். காலியான நாற்காலி இவ்வளவு சிறியது என்றால், அதில் உட்கார இத்தனை பொடியும் திரவமும் எதற்கு?

அவசரப்பட்டு டென்மார்க்கை இங்கே கொண்டுவந்து நிறுத்தவும் கூடாது. அங்கே செட் வேறு, வெயில் வேறு. முக்கியமாக, ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் அயனோஃபோர் மருந்துகளை ஐரோப்பா தீவனச் சேர்க்கை என்ற தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு தொடர்ந்து பயன்படுத்துகிறது. சாலினோமைசின், நராசின் போன்றவை குடலை அழுகவைக்கும் கிளாஸ்ட்ரிடியத்தையும் அடக்கிவைப்பவை. ஆன்டிபயாடிக் இல்லாமலே சமாளித்தார்கள் என்ற கதைக்கு அடியில் அந்தத் தூண் நிற்கிறது. தூணைச் சொல்லாமல் அமிலத்துக்கு மாலை போடுவது நியாயம் ஆகாது.

பியூட்டிரிக் அமிலத்தை மட்டும் இந்தக் கும்பலிலிருந்து பிரித்து வேறு பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும். கொழுப்புப் பூச்சுக்குள்ளோ, கிளிசரைடாகவோ கொடுத்தால் அது கீழ்க்குடல் வரை போகிறது. அங்கேயும் பிஎச் 6.5-ல் நூற்றுக்கு இரண்டு பங்குதான் முழுதாக இருக்கும். ஆக அது கிருமியைக் கொன்று சாதிப்பதில்லை. குடலின் உட்சுவர் செல்களுக்கு அது நேரடி எரிபொருள். சால்மொனெல்லா செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் மரபணுக்களையும் அது அமுக்கிவைக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் வான் இம்மர்சேல் குழுவினர் கண்டதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு: பியூட்டிரிக்கும் புரோப்பியானிக்கும் அந்த நுழையும் திறனைக் குறைத்தன, அசிட்டிக்கோ கூட்டியது. "கரிம அமிலம்" என்று மொத்தமாகப் பெயர் சொல்லிப் புகழ்வது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பியூட்டிரிக் சோதனைகளின் எடைக் கணக்குகள் இன்னும் சீராக வரவில்லை. ஒரு சோதனையில் ஏறுகிறது, மறு சோதனையில் சும்மா இருக்கிறது. நம்பிக்கை வைக்கலாம், கடன் வாங்கி வாங்கக் கூடாது என்பது என் நிலை.

சந்தேகமில்லாமல் கைதட்ட வேண்டிய இடம் தீவனக் கிடங்கு. மழையில் அறுத்து, சரியாகக் காயாமல் 14 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு லாரியேறி வரும் மக்காச்சோளத்தில் பூஞ்சணம் கிளம்புவதைப் புரோப்பியானிக் அமிலம் தடுக்கிறது. இதில் மர்மமும் இல்லை, புள்ளியியல் சண்டையும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே உண்டான அஃப்ளாடாக்சினை அது அழிக்காது. பச்சை படிந்த சோளத்தில் அமிலம் தெளித்து "சரி பண்ணிட்டோம்" என்பவர் நஞ்சைப் பத்திரப்படுத்தித் தருகிறார். அதேபோல, குருணையாக்கும்போது ஏறும் சூட்டில் சால்மொனெல்லா செத்தாலும், ஆறிய தீவனத்தில் எலி, பறவை, தூசி வழியாக மறுபடி ஏறும். ஃபார்மிக் கலவை அந்த இடைவெளியில் காவல் நிற்கிறது. நோயை உள்ளே விடாமல் வாசலில் தடுப்பது இது. எடை கூடாவிட்டாலும் இதற்குக் காசு கொடுக்கலாம்.

இனி தொட்டிக்குத் திரும்புவோம். அடுத்த முறை போனபோது பிஎச் தாள் கொண்டுபோனேன். காலையில் அமிலம் ஊற்றிக் கலக்கியதும் தொட்டியில் 6. சாயங்காலம் செட்டின் கோடியில் கடைசி நிப்பிளைத் தட்டி எடுத்த துளியில் 7-க்கு அருகில். கரியமில வாயு மெல்ல வெளியேற வெளியேற பிஎச் திரும்ப ஏறும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள தண்ணீரை 6.4-க்குக் கொண்டுவர மட்டுமே ஆயிரம் லிட்டருக்குச் சுத்தமான ஃபார்மிக் அமிலம் ஏறக்குறைய 185 கிராம் பிடிக்கும், 4.3-க்கு இறக்க அதைப்போல ஏறக்குறைய இரண்டரைப் பங்கு. கேனில் இருப்பதோ நீர்த்த கலவை. ஊரெல்லாம் ஒரே அளவு என்று அட்டையில் எழுதியிருப்பது, அவரவர் போரின் உப்பைப் பார்க்காமல் எழுதியது. தண்ணீரைச் சோதிக்காமல் அமிலம் வாங்குபவர் பைகார்பனேட்டுக்குத் தீனி வாங்குகிறார்.

ஆனால் தண்ணீர் அமிலத்துக்கு இன்னொரு வேலை உண்டு. அதைச் செய்தால் கேன் விலை வசூல். குளோரின் தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும். கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற உருவம்தான். பிஎச் 8.5-ல் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 6.5-ல் பத்தில் ஒன்பது பங்கு. ஆக உப்புத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுவதைவிட, பிஎச்சை இறக்கிவிட்டுக் கொஞ்சம் போட்டால் போதும். இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். அளவுக்கு மீறிப் புளித்தால் கோழி தண்ணீரே குடிக்காது. அரைகுறையாக விட்ட கரிம அமிலம் குழாய்க்குள் வழுவழுப்பான பூஞ்சைக்குச் சாப்பாடாகவும் ஆகும். லசோட்டா, கம்போரோ தடுப்பூசிகளைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் அமிலத்தையும் குளோரினையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசி வைரஸ் தொட்டியிலேயே செத்துப்போகும். மருந்தைக் குறைக்கும் பொருளை வாங்கி, தடுப்பூசியைத் தொலைத்த பண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

லாபம் யாருக்கு என்ற கேள்வியும் திறனாய்வுக்குள் அடங்கியதுதான். கொங்கு வட்டாரத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது. பண்ணைக்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. எஃப்சிஆர் 0.03 இறங்கினால் இரண்டு கிலோ கோழிக்கு 60 கிராம் தீவனம் மிச்சம். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 2 ரூபாய் 40 காசு. டன்னுக்கு 300 ரூபாய் அமிலம் என்றால் அந்தக் கோழி தின்ற தீவனத்தில் ஒரு ரூபாய். நிறுவனத்துக்கு இது லட்சம் கோழிகளின் சராசரி. ஐந்து செட்டில் பலிக்காமல் ஆறாவதில் பலித்தாலும் மொத்தத்தில் கணக்குத் தேறுமா என்று பார்க்கும் வசதி அதற்கு உண்டு. ஐயாயிரம் கோழி வளர்ப்பவருக்கு அந்தச் சராசரி கையில் வராது. பல ஒப்பந்தங்களில் மருந்துச் செலவு பேட்சின் உற்பத்திச் செலவில் ஏறி, கூலியில்தான் வந்து விடியும். ஆகவே தீவன ஆலையில் போடும் அமிலம் நியாயம். நிறுவனத்தின் லைன் சூப்பர்வைசர் கையில் திணித்துவிட்டுப் போகும் கேன், தண்ணீர்ச் சோதனைச் சீட்டோடு வந்தால் மட்டும் நியாயம். தேங்காய் மஞ்சி ஈரமாகக் கட்டிதட்டிக் கிடக்கும் செட்டில், நிப்பிள் ஒழுகலை அடைக்காமல் ஊற்றும் அமிலம் எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

அமிலத்துக்குச் சாதகமாக நான் படித்ததில் திடமானது எடையைப் பற்றியதே அல்ல. 2001-ல் அமெரிக்காவில் பேர்டு குழுவினர் செய்தது: வெட்டுக்கு முன் தீவனத்தை நிறுத்தி வைக்கும் மணி நேரங்களில் கோழி பசியில் லிட்டரைக் கொத்தும், தீனிப்பையில் சால்மொனெல்லா ஏறும். அந்த நேரத்தில் குடிதண்ணீரில் அரை சதவீத அளவில் லாக்டிக் அமிலம் கொடுத்தபோது, வெட்டிய கோழிகளில் சால்மொனெல்லா கண்ட எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அமிலத்துக்குக் கத்தி இருக்கும் இடமும் அதுதான், தீனிப்பை. வேதியியலும் களமும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

பல்லடத்துக்காரரிடம் இதைச் சொன்னேன். ராத்திரி லாரி வந்து நின்றிருந்தது. ஆட்கள் கால்களைப் பிடித்துக் கோழிகளைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கூண்டுகள் அடுக்கடுக்காக ஏறின. விடியும் முன் கேரளா எல்லை தாண்டி, கடைகளில் உயிரோடு இறங்கி, அங்கங்கே மரக்கட்டை மேல் வெட்டுப்படும். "கடைசி நாள் தண்ணிக்கு எவனுங்க காசு கொடுப்பான்? உயிர் எடைக்குத்தான் பில்லு" என்றார். தொட்டி மேல் கேன் பாதி நிறைவோடு நின்றது. அடுத்த பேட்சுக்கு வைத்திருப்பதாகச் சொன்னார்.